பழி வாங்கப் போனவனும் தடுக்கப் போனவனும்

ஹாலிவுட் படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று 1930இல் எழுதி, 1934 முதல் கறாராக அமல்படுத்திய ஹேஸ் நெறிமுறையில் கொலை பற்றிய பகுதியில் ஒரு சிறு விதி இருந்தது. தற்காலத்தில் நடக்கும் கதையில் பழிவாங்குவதை நியாயமாகக் காட்டக் கூடாது. விதியை எழுதியவர்களே விளக்கவுரையில் ஒரு கதவைத் திறந்தும் வைத்தார்கள்: நாகரிகம் முதிராத நாடுகளிலும் காலங்களிலும், அதிலும் குற்றத்தைக் கேட்கச் சட்டமே இல்லாத இடங்களில், பழிவாங்கலைச் சில சமயம் காட்டிக்கொள்ளலாம். 1870களின் டெக்சஸும் 1880களின் அரிசோனாவும் அந்த விதிவிலக்குக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. 1940ஆம் ஆண்டு நியூயார்க்கில் அண்ணனைக் கொன்றவனைத் தேடிப் போய்ச் சுடும் நாயகன் தணிக்கையில் மாட்டுவான். அதே ஆளைக் குதிரையில் ஏற்றி அறுபது வருடம் பின்னால் அனுப்பினால் தப்பிவிடுவான்.

வெஸ்டர்ன் படங்களில் பழிவாங்கும் கதை மலிந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த நிலத்தின் வரலாற்றிலேயே கதைக்குப் பஞ்சமில்லை. மொன்டானாவின் பானக் ஊரில் 1864 ஜனவரியில் ஊர்க்காரர்கள் கூடித் தங்கள் ஷெரீஃப் ஹென்றி பிளம்மரையே தூக்கில் போட்டார்கள். வயோமிங்கின் ஜான்சன் கவுன்டியில் 1892இல் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் டெக்சஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை இறக்கிச் சிறு பண்ணைக்காரர்களை வேட்டையாடப் போனார்கள். சட்டம் தூரத்தில் இருந்தது, கயிறும் தோட்டாவும் பக்கத்தில் இருந்தன.

1939இல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’ முதல் 1962இல் வந்த ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்டி வேலன்ஸ்’ வரையிலான ஏறத்தாழக் கால் நூற்றாண்டை வெஸ்டர்னின் செவ்வியல் காலமாகக் கொள்ளலாம். அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பழிவாங்கக் கிளம்பியவன் தனியாக இருப்பதே இல்லை. செத்தவர்கள் அவனுக்குத் துணை. ஊர் பெரும்பாலும் அவன் பக்கம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாமோ முழுக்க அவன் பக்கம். அவனுக்கு வேண்டியதெல்லாம் கை நடுங்காத துணிச்சல்தான், அது அவனிடம் முதல் காட்சியிலிருந்தே இருக்கிறது. அறத் துணிவு என்ற ஒன்று தேவைப்படுவது அவனுக்கு எதிரே வந்து நிற்கிறவனுக்கு, அல்லது நடுவழியில் தானே நின்றுவிடுகிறவனுக்கு. இந்த ஆட்களைச் சுவரொட்டியில் பார்க்க முடியாது. கிழவர்களாகவும் குடிகாரர்களாகவும் விவரம் தெரியாத இளைஞர்களாகவும் படத்தின் ஓரத்தில் நிற்பார்கள். என் வாசிப்பில் இந்த வகைப் படங்களின் நல்ல பகுதி அந்த ஓரத்தில்தான் நடக்கிறது.

(நம்மூருக்கு வெஸ்டர்ன் வந்து சேர்ந்தபோது அந்த ஓரம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ போன்ற எழுபதுகளின் படங்களில் குதிரையும் புழுதியும் துப்பாக்கியும் வந்தன. கும்பலை எதிர்த்து நிற்கும் கிழவர்கள் வரவில்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்.)

ஜான் ஃபோர்ட் இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’சில் பழிவாங்கப் போகிறவன் ரிங்கோ கிட். தகப்பனையும் தம்பியையும் கொன்ற பிளம்மர் சகோதரர்களைத் தேடிச் சிறையிலிருந்து தப்பி லார்ட்ஸ்பர்க் ஊருக்குப் போகிறான். ஜான் வெய்னை நட்சத்திரமாக்கிய வேடம் அது. ஆனால் ஃபோர்ட் அந்தத் துப்பாக்கிச் சண்டையை நமக்கு முழுதாகக் காட்டுவதே இல்லை. ரிங்கோ தரையில் பாய்ந்து சுடுகிறான். அடுத்த கணம் காமிரா அவனுக்காகக் காத்திருக்கும் காதலி டாலஸிடம் போய்விடுகிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. அதற்குச் சற்று முன்பு ஒரு காட்சி. குடிகார டாக்டர் பூன் மதுக்கடைக்குள் போய், சீட்டாட்ட மேசையிலிருந்து எழுந்து கிளம்பும் லூக் பிளம்மரின் எதிரே நின்று, இரட்டைக்குழல் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். எடுத்துப் போனால் கொலைக் குற்றம் சாட்டுவேன் என்கிறார். கையில் ஆயுதம் கிடையாது. லூக் ஒரு கணம் யோசித்துத் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான் (மாடியிலிருந்து ஒருத்தி அதை அவனுக்குத் தூக்கிப் போடுவது வேறு விஷயம்). டாக்டர் கை நடுங்க ஒரு மடக்கு குடித்துவிட்டு, இனி இந்த மாதிரி என்னைச் செய்ய விடாதீர்கள் என்கிறார். தாமஸ் மிட்செல்லுக்கு அந்த வருடத்துத் துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. அந்த ஒரு நிமிடத்துக்கே கொடுத்திருக்கலாம்.

அதே ஃபோர்ட் ‘மை டார்லிங் கிளெமன்டைன்’ (1946) படத்தில் பழிக்கு ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார். வயாட் எர்ப்பின் தம்பி ஜேம்ஸ் கொல்லப்படுகிறான். முதலில் மறுத்த மார்ஷல் பதவியை வயாட் உடனே ஏற்றுக்கொள்கிறார். அதன்பின் அவர் செய்வதெல்லாம் சட்டம். படம் மிக அழகானது, வரலாறு மிக மோசமானது. ஓகே கொராலில் நிஜச் சண்டை 1881 அக்டோபர் 26 அன்று நடந்தது, அரை நிமிடத்தில் முடிந்தது. நிஜ ஜேம்ஸ் எர்ப் அங்கே சாகவில்லை. படத்தில் சண்டைக்கு வரும் கிழவர் கிளான்டன் நிஜத்தில் அதற்கு இரண்டு மாதம் முன்பே செத்துப்போயிருந்தார். நிஜமான பழிவாங்கல் பின்னால் வந்தது. 1882 மார்ச்சில் இன்னொரு சகோதரன் மோர்கன் சுடப்பட்ட பிறகு வயாட் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சந்தேகப்பட்டவர்களைத் தேடித்தேடிக் கொன்றார். அப்போது அவர் கையில் சட்டத்தின் பதவியும் இருந்தது, தலைக்கு மேல் அதே சட்டத்தின் கைது ஆணையும் இருந்தது. அந்தக் குழப்பத்தை 1946இன் ஹாலிவுட் தொடவில்லை.

வில்லியம் வெல்மனின் ‘தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்’ (1943) அதற்கு மூன்று வருடம் முன்பே தொட்டிருந்தது. வால்டர் வான் டில்பர்க் கிளார்க் 1940இல் எழுதிய நாவலின் படமாக்கம், வெறும் 75 நிமிடம். இடம் நெவாடா, ஆண்டு 1885. கின்கெய்டு என்ற பண்ணைக்காரனைக் கொன்றுவிட்டு மாடுகளை ஓட்டிப் போய்விட்டார்கள் என்று செய்தி வருகிறது. ஷெரீஃப் ஊரில் இல்லை. துணை அதிகாரி ஒருவன் தனக்கில்லாத அதிகாரத்தால் கூட்டத்துக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கிறான். கும்பல் மலைப்பாதையில் மூன்று பேரை நெருப்பருகே தூங்கும்போது பிடிக்கிறது. விடியலில் தூக்கு. மூவரும் நிரபராதிகள். கின்கெய்டு சாகவே இல்லை.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் படத்தைச் சொன்னதாகாது. கும்பலுக்குள் ஒருவனை ஒருவன் எப்படி உந்துகிறான் என்பதுதான் படம். மேஜர் டெட்லிக்குப் பழைய கூட்டமைப்புப் படையின் சீருடையை மாட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு. பயந்த சுபாவமுள்ள தன் மகனை ஆண்பிள்ளையாக்க இது உதவும் என்று அவர் நம்புகிறார். மா கிரையர் என்ற பெண் சிரித்துக்கொண்டே கூட வருகிறாள். யாரும் அரக்கர்கள் இல்லை, யாரும் பின்வாங்குவதைப் பிறர் பார்க்க விரும்பவில்லை. ஓட்டெடுப்பு நடக்கிறது. விசாரணைக்குக் கொண்டுபோகலாம் என்பவர்கள் இந்தப் பக்கம் வரலாம். கடைக்கார முதியவர் டேவிஸ் வருகிறார். டெட்லியின் மகன் அப்பாவின் கண் எதிரே வருகிறான். சிறுவயதில் தன் அண்ணன் தூக்கிலிடப்பட்டதைப் பார்த்த கறுப்பினப் போதகர் ஸ்பார்க்ஸ் வருகிறார். ஹென்றி ஃபோண்டாவின் கில் கார்ட்டரும் வருகிறான். மொத்தம் ஏழு பேர்.

அந்த ஏழு பேர் எதையும் தடுக்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு நிற்கிறார்கள். கார்ட்டர் கடைசி நேரத்தில் கைகலப்புக்குப் போய் அடிபடுகிறான், அவ்வளவுதான். வெல்மனின் கடுமை இதில் இருக்கிறது. மனசாட்சியைப் பதிவு செய்வதற்கும் குறுக்கே நிற்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அவர் அளந்து காட்டுகிறார், நம்முடைய நாயகனை அந்தத் தூரத்தின் நடுவில் நிறுத்துகிறார். ஃபோண்டாவுக்கு இது வெறும் வேடமில்லை. 1919இல் ஒமாஹாவில் வில் பிரவுன் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் நீதிமன்றத்திலிருந்து இழுத்துக் கொன்றதை, பதினாலு வயதில் தன் அப்பாவின் அச்சகத்து ஜன்னலிலிருந்து அவர் பார்த்திருக்கிறார். படத்தின் முடிவில் தூக்கிலிடப்பட்டவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை மதுக்கடையில் நின்று ஃபோண்டா படிக்கிறார். பக்கத்தில் நிற்கும் ஹாரி மோர்கனின் தொப்பி விளிம்பு ஃபோண்டாவின் கண்களை மறைக்கிறது. கடிதமே கொஞ்சம் உபதேசம்தான், மறைந்த கண்கள் அதைக் காப்பாற்றுகின்றன. ‘ஆக்ஸ்-போ’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்று ‘காசாபிளாங்கா’விடம் தோற்றது.

அதே ஹாரி மோர்கன் ஒன்பது வருடம் கழித்து ‘ஹை நூன்’ (1952) படத்தில் சாம் ஃபுல்லராக வருகிறார். மார்ஷல் வில் கேன் உதவி கேட்டுக் கதவைத் தட்டும்போது, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய்த் தன் மனைவியை வாசலுக்கு அனுப்பி, அவர் வீட்டில் இல்லை என்று பொய் சொல்ல வைத்துவிட்டு உள்ளறையில் ஒளிந்திருக்கிறார். ஃபிரெட் ஜின்னமனின் இந்தப் படத்தில் பழிவாங்க வருகிறவன் வில்லன். கேன் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் ரயிலில் வருகிறான். அன்று காலையில்தான் கேனுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது, பேட்ஜையும் கழற்றியாயிற்று. ஊரைவிட்டுக் கிளம்பியவர் பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறார். படம் ஓடும் 85 நிமிடமும் கதையில் கழியும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.

கேனின் துணிவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் படத்தின் உச்சம் தேவாலயக் காட்சி. குழந்தைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் விவாதிக்கிறார்கள். ஒருவர் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் காவலரின் வேலை இது என்கிறார். ஒருவர் மில்லரை விடுவித்தது வடக்கே இருக்கும் அரசியல்வாதிகள் என்கிறார். கேனின் நண்பர் ஹெண்டர்சன் எழுந்து, இதுபோல் ஒரு மார்ஷல் நமக்குக் கிடைத்ததில்லை என்று மனமாரப் புகழ்கிறார். கூட்டம் அவர் பக்கம் சாய்கிறது. பிறகு அதே குரலில், தெருவில் சண்டை நடந்தால் வெளியிலிருந்து முதலீடு வராது, அதனால் கேன் கிளம்பிப் போவதே ஊருக்கு நல்லது என்று முடிக்கிறார். பேசுகிறவர் ‘ஸ்டேஜ்கோச்’சின் டாக்டர், தாமஸ் மிட்செல். கோழைத்தனம் இவ்வளவு கண்ணியமாக, வாதத்துக்கு வாதம் நியாயமாக, பாராட்டுரை வடிவில் பேசி நான் வேறு படத்தில் கேட்டதில்லை. கடைசியில் கேனுக்காக வருகிறவர்கள் பதினாலு வயதுப் பையன் ஒருவனும் ஒற்றைக் கண் குடிகாரர் ஒருவரும். இருவரையும் அவரே திருப்பி அனுப்புகிறார்.

எழுதிய கார்ல் ஃபோர்மன் இந்த ஊரை வெளியே தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1951 செப்டம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு அவரைக் கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றி விசாரித்தது. பெயர்களைச் சொல்ல மறுத்தார். கூட்டாளியான தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் உறவை முறித்தார். கேனாக நடித்த வலதுசாரியான கேரி கூப்பர், 1947இல் அதே குழுவின் முன் இணக்கமாகச் சாட்சி சொன்னவர், ஃபோர்மனுக்காகப் பேசினார். ஃபோர்மன் இங்கிலாந்துக்குப் போனார். பின்னர் இலங்கையில் படமாக்கப்பட்ட ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) திரைக்கதையில் அவர் பங்கு பெயரில்லாமலே வெளியாயிற்று. ஜின்னமனோ ஆஸ்திரியாவில் வளர்ந்த யூதர், பெற்றோரை நாஜிகளின் படுகொலையில் இழந்தவர். அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்வது எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜான் வெய்னுக்குப் படம் பிடிக்கவில்லை. 1971இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அமெரிக்கத்தன்மைக்கே விரோதமான படம் என்றார். கூப்பர் பேட்ஜைக் காலால் மிதித்ததாகவும் சொன்னார். படத்தில் கூப்பர் அதைப் புழுதியில் போடுகிறார், மிதிப்பதில்லை. அந்த வேடத்துக்குக் கூப்பர் வாங்கிய ஆஸ்கரை, அவர் வராததால் மேடையேறிப் பெற்றுக்கொண்டவர் இதே வெய்ன்தான். இயக்குநர் ஹவர்ட் ஹாக்ஸுக்கும் கோபம்: தொழில் தெரிந்த ஷெரீஃப் வீடு வீடாகப் போய் உதவி கேட்பானா? பதிலாக ‘ரியோ பிராவோ’ (1959) எடுத்தார். வெய்னின் ஷெரீஃப் யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் கேட்காமலே எல்லோரும் வந்து உதவுகிறார்கள்: நொண்டிக் கிழவன், குடிகாரத் துணைவன், பாட்டுப் பாடும் இளைஞன், விடுதிக்காரன், சூதாடும் பெண். படம் பார்க்க ‘ஹை நூன்’னைவிட உல்லாசமானது, நான் அதைத்தான் அதிகம் தடவை பார்த்திருக்கிறேன். ஆயினும் கேள்விக்குப் பதிலாகாது. யாரும் வராவிட்டால் என்ன செய்வாய் என்பதுதானே கேட்கப்பட்டது? அந்தப் படத்தில் அறத் துணிவு இருக்கிறதென்றால் டீன் மார்ட்டினின் டூடிடம் இருக்கிறது. நடுங்கும் கையோடு ஒரு கிளாஸ் விஸ்கியை ஊற்றிக்கொண்டவன், வெளியே எதிரிகள் வாசிக்கச் சொன்ன மரண இசையைக் கேட்டதும், ஒரு சொட்டுச் சிந்தாமல் புட்டிக்குள் திருப்பி ஊற்றுகிறான்.

ஐம்பதுகளில் பழி நாயகனின் உள்ளுக்குள் திரும்பியது. ஆன்டனி மான், ஜேம்ஸ் ஸ்டீவர்ட் கூட்டணியில் ‘வின்செஸ்டர் 73’ (1950) பழிவாங்கலைக் குடும்ப விவகாரமாக்கியது. தகப்பனைக் கொன்றவன் நாயகனின் சொந்தச் சகோதரன். ‘தி நேக்கட் ஸ்பர்’ (1953) முடிவில் பரிசுத் தொகைக்காகச் சுமந்துவந்த பிணத்தை விற்காமல் புதைக்கிறார் ஸ்டீவர்ட், அதுவும் அழுதுகொண்டு. மென்மையான மனிதராக நாம் அறிந்த நடிகரின் முகத்தில் அந்த வெறியைப் பார்ப்பது இன்றும் சங்கடமாக இருக்கிறது.

பட் பெட்டிகர் ராண்டால்ஃப் ஸ்காட்டை வைத்து எடுத்த சிறு பட்ஜெட் படங்கள் நம்மூரில் அதிகம் பேசப்படாதவை. எல்லாம் எண்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பலவற்றில் ஸ்காட் கொல்லப்பட்ட மனைவிக்காக அலையும் மனிதர். ‘டிசிஷன் அட் சன்டவுன்’ (1957) அந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்க்கிறது. மனைவியின் சாவுக்குக் காரணமானவன் என்று ஒருவனைத் தேடி மூன்று வருடம் அலைந்து அவன் கல்யாணத்தன்று ஊருக்குள் வருகிறார். அவள் அவர் நினைத்த மாதிரிப் பெண் அல்ல, எதிராளி முதல் ஆளும் அல்ல என்று நண்பனே சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்க மறுக்கிறார். இதற்கிடையே அவருடைய பிடிவாதத்தைப் பார்த்து, அந்த எதிராளிக்குப் பயந்து கிடந்த ஊர் நிமிர்ந்துகொள்கிறது. முடிவில் ஊர் நன்றி சொல்கிறது. அவரோ குடித்துவிட்டு, நண்பனை இழந்து, யாரையும் பழிவாங்காமல் கசப்போடு போகிறார். தவறான காரணத்துக்காக ஒருவன் காட்டிய துணிச்சல் மற்றவர்களுக்குச் சரியான துணிவைத் தந்துவிடலாம், அதனால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. இவ்வளவு வேடிக்கையான நியாயத்தை ஒரு துணைப்படம் சொல்லியிருக்கிறது.

ஹென்றி கிங்கின் ‘தி பிராவடோஸ்’ (1958) இதில் இன்னொரு அடி எடுத்து வைத்துப் பாதியில் காலை இழுத்துக்கொண்ட படம். கிரிகரி பெக்கின் ஜிம் டக்ளஸ், நான்கு பேர் தூக்கிலிடப்படுவதைப் பார்க்க ஒரு ஊருக்கு வருகிறார். தன் மனைவியைச் சீரழித்துக் கொன்றவர்கள் இவர்களே என்று அவருக்கு உறுதி. அவர்கள் தப்பியோடுகிறார்கள், டக்ளஸ் துரத்துகிறார். பிடிபடும் ஒவ்வொருவனிடமும் பைக்கடிகாரப் பெட்டிக்குள் இருக்கும் மனைவியின் படத்தைக் காட்டுகிறார். ஒவ்வொருவனும் இவளைப் பார்த்ததே இல்லை என்கிறான். ஒருவன் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். மூவரைக் கொல்கிறார். நான்காமவனின் வீட்டில், அவன் மனைவியும் குழந்தையும் இருக்கும்போது, மேசைமேல் தன் வீட்டிலிருந்து திருடுபோன பணப்பையைப் பார்க்கிறார். அது தன் பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து பறித்தது என்கிறான் அவன். நான்கு பேரை அடையாளம் சொன்னவனே அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். கொன்றவன் அவன்தான்.

இங்கே பெக்கின் முகத்தைப் பாருங்கள். பழி தீர்ந்த முகமும் இல்லை, துக்கமும் இல்லை, கணக்கு தப்பிய முகம். அவர் தேவாலயத்துக்குப் போய்ப் பாதிரியாரிடம் சொல்கிறார்: நானே நீதிபதியாகவும் கொலையாளியாகவும் இருந்தேன். வெளியே ஊர் அவரை வீரனாக வாழ்த்தக் காத்திருக்கிறது. வாழ்த்துகிறவர்களிடம் தனக்காகப் பிரார்த்திக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். பாராட்டும் கூட்டத்தின் நடுவே நான் தவறு செய்தேன் என்ற எண்ணத்தைச் சுமந்து நிற்பதற்கு மூன்று பேரைக் கொல்வதைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் படம் முன்ஜாக்கிரதையாக அந்த மூவரையும் வேறொரு கொலைக்கு ஏற்கெனவே தூக்குத் தண்டனை பெற்றவர்களாக வைத்திருக்கிறது. எப்படியும் சாக வேண்டியவர்கள்தானே என்று நாம் வீட்டுக்குப் போகலாம். ‘ஆக்ஸ்-போ’ அந்த ஆறுதலைத் தரவில்லை.

இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தப் படங்களில் வெள்ளையர் பழிவாங்கினால் அதற்கு ஒரு காரணமும் முன்கதையும் இருக்கும். பூர்வகுடியினர் பழிவாங்கினால் அது தாக்குதல், காரணம் கேட்கப்படுவதில்லை. விதிவிலக்காக டெல்மர் டேவ்ஸின் ‘புரோக்கன் ஏரோ’ (1950) வந்தது. அப்பாச்சிகளோடு சமாதானம் பேசிய ஜெஃபர்ட்ஸின் அப்பாச்சி மனைவியை வெள்ளையர்கள் கொல்கிறார்கள். கொன்றவர்களில் எஞ்சியவனைக் கத்தியால் குத்தப் போகும் ஜெஃபர்ட்ஸைத் தடுப்பவர் அப்பாச்சித் தலைவர் கோச்சீஸ். இதற்காகச் சமாதானம் உடைய நான் விடமாட்டேன் என்கிறார். வெள்ளை நடிகர் ஜெஃப் சாண்ட்லர் சாயம் பூசி நடித்த வேடம், வசனம் மேடைப் பேச்சு. குறைகள் இருக்கட்டும். பழியை நிறுத்த ஒரு மக்களின் தலைவருக்கு என்ன துணிவு வேண்டும் என்பதை அந்தக் காலத்து ஹாலிவுட் இவ்வளவு நேராகக் காட்டியதில்லை.

ஃபோர்ட் 1956இல் ‘தி சர்ச்சர்ஸ்’ எடுத்தார். ஆலன் லெ மே நாவலுக்குப் பின்னால் நிஜச் சம்பவங்கள் உண்டு. அவற்றில் ஒன்று: டெக்சஸின் பார்க்கர் கோட்டையிலிருந்து 1836இல் சிந்தியா ஆன் பார்க்கர் என்ற சிறுமியைக் கொமான்சிகள் கொண்டுபோனார்கள். பெரியப்பா ஜேம்ஸ் பார்க்கர் வருடக்கணக்கில் தேடினார். 1860இல் படையினர் அவளை ‘மீட்டபோது’ அவள் கொமான்சி மனைவி, பிள்ளைகளுக்குத் தாய். கொமான்சிகளிடம் திரும்பிப் போகவே முயன்றாள். அவள் மகன்தான் பின்னாளில் கொமான்சிகளின் பெருந்தலைவராகிய குவானா பார்க்கர்.

படத்தில் பெரியப்பா ஈதன் எட்வர்ட்ஸ், ஜான் வெய்ன். தம்பி குடும்பம் கொல்லப்பட்டு மகள் டெபி கடத்தப்படுகிறாள். வருடங்கள் போகப் போக ஈதனின் நோக்கம் மாறுகிறது. அவள் வளர்ந்து கொமான்சிப் பெண்ணாகிவிட்டால் கண்டுபிடித்துக் கொல்ல வேண்டும். வெறுப்பை ஃபோர்ட் மறைக்கவில்லை. செத்த கொமான்சியின் ஆவி நிம்மதியின்றி அலைய வேண்டும் என்று பிணத்தின் கண்களைச் சுடுகிறான் ஈதன். எதிரித் தலைவன் ஸ்கார் தன் மகன்கள் இருவரை வெள்ளையர்கள் கொன்றதைச் சொல்கிறான். அவன் கணக்கும் ஈதனின் கணக்கும் ஒரே கணக்கு, இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் பேசவும் செய்கிறார்கள்.

ஈதனைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியிருக்கிறார்கள். கூடவே போகும் மார்ட்டின் பாலியைப் பெரும்பாலும் நகைச்சுவைத் துணையாகக் கருதி விட்டுவிடுகிறார்கள். செரோக்கி ரத்தம் எட்டில் ஒரு பங்கு கலந்தவன், அந்தக் குடும்பத்தில் வளர்ந்த அநாதை, ஈதன் அவனை உறவாக ஏற்றதே இல்லை. காதலி லாரி வீட்டில் காத்திருக்கிறாள், அவளுக்கு இன்னொருவனோடு கல்யாணம் நடக்கும் நிலை வருகிறது. ஆனாலும் போகிறான். ஏன்? டெபியைக் கண்டுபிடிக்க ஈதன் போதும். கண்டுபிடிக்கும் அந்த நேரத்தில் ஈதனைத் தடுக்க ஒரு ஆள் வேண்டும், அதற்காகவே வருடக்கணக்கில் குதிரைமேல் இருக்கிறான். டெபி மணல்மேட்டில் இறங்கி வரும்போது ஈதன் துப்பாக்கியை எடுக்க, மார்ட்டின் அவளுக்கு முன்னால் தன் உடம்பை நிறுத்துகிறான். அதைவிடக் கடினமான காட்சி பிறகு வருகிறது. கல்யாண உடுப்பில் நிற்கும் லாரி, டெபியின் தலையில் ஈதன் ஒரு தோட்டாவை இறக்குவான், அவளைப் பெற்றவளே அதைத்தான் விரும்பியிருப்பாள் என்கிறாள். நல்லவர்களின் வீட்டு நடு அறையில், நேசிப்பவளின் வாயிலிருந்து அது வருகிறது. மார்ட்டின் ஒரு வெறியனை மட்டும் எதிர்த்து நின்றுகொண்டிருக்கவில்லை, ஊர் முழுவதும் ஈதன் பக்கம்தான்.

ஈதன் கடைசியில் டெபியைத் துரத்திப் பிடித்துத் தூக்குகிறான், கொல்லாமல் அணைத்துக்கொள்கிறான். ஏன் நிறுத்தினான் என்று படம் சொல்வதில்லை. நாவலில் அந்தப் பாத்திரம் செத்துப்போகிறது, மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபோர்டின் மாற்றம் நம்பும்படி இல்லை என்பவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கை வருவது மார்ட்டினால். இத்தனை வருடம் ஒருவன் உன் பக்கத்திலேயே நின்று, நீ செய்யப்போவது கொலை என்று தன் இருப்பாலேயே சொல்லிக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று அரித்துத்தான் போகும். வெளிவந்த வருடம் ஒரு ஆஸ்கர் பரிந்துரையும் பெறாத படம், 2008இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் வெஸ்டர்ன் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. இரண்டாமிடம் ‘ஹை நூன்’னுக்கு.

பெண்கள் பழிவாங்கிய வெஸ்டர்ன் என்றால் நிக்கலஸ் ரேயின் ‘ஜானி கிட்டார்’ (1954). அண்ணனின் சவ ஊர்வலத்திலிருந்து நேராகக் கறுப்பு உடுப்போடு கும்பலைக் கிளப்பிக்கொண்டு வரும் எம்மா, பழியையும் பொறாமையையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் காட்டுகிறாள். மற்றபடி பெண்களுக்கு இந்தப் படங்களில் தடுக்கும் வேலைதான், அதைக் கேட்க ஆளில்லை. ‘ஹை நூன்’னில் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஏமி, தகப்பனையும் சகோதரனையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து வன்முறையை வெறுத்தவள், கடைசியில் ஒருவனை முதுகில் சுடுகிறாள். அதைக் கணவன்மேல் உள்ள காதலின் வெற்றியாகப் படம் காட்டுகிறது. அவளுடைய கொள்கை தோற்றதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அறுபதுகளின் நடுவில் நெறிமுறை தளர்ந்து 1968இல் கைவிடப்பட்டது. அதே வருடம் செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ வந்தது. நல்லவராகவே பார்த்துப் பழகிய ஹென்றி ஃபோண்டா குழந்தையைச் சுடுகிறார். பழி ஒரு இசைக்கோலமாக, சடங்காக முழுமை பெற்றது. பார்க்க மெய்சிலிர்க்கும். குறுக்கே நிற்கும் டாக்டர் பூன்களுக்கு அங்கே இடமில்லை.

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘அன்ஃபர்கிவன்’ (1992) பழிவாங்கும் வெஸ்டர்னுக்கு எழுதிய இரங்கல் உரை என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். நண்பன் நெட்டின் உடல் சவப்பெட்டியில் மதுக்கடை வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்க, மழையில் நாயகன் மன்னி வரும்போது அரங்கு அதற்காகவே காத்திருக்கிறது, படமும் அதைக் குறைவில்லாமல் கொடுக்கிறது. உண்மையில் நின்றுவிட்டவன் ஸ்கோஃபீல்ட் கிட் என்ற இளைஞன். கண் சரியாகத் தெரியாதவன், ஐந்து பேரைக் கொன்றதாகப் பீற்றிக்கொண்டவன். கழிப்பறையில் உட்கார்ந்திருந்த ஒருவனைச் சுட்ட பிறகு, அதுதான் தன் முதல் கொலை என்று மரத்தடியில் அழுதுகொண்டே சொல்லிவிட்டு, இனி வேண்டாம் என்று தன் கைத்துப்பாக்கியை மன்னியிடம் கொடுத்துவிடுகிறான். மன்னி மதுக்கடைக்குள் நுழைந்து பெரும்பாலும் சுடுவது அந்தத் துப்பாக்கியால்தான்.